மிதக்கும் பனித்தட்டு உருகினால் கவலை இல்லையா?

"தம்ளரில் மிதக்கும் ஐஸ்கட்டி கரைந்தாலும் தண்ணீர் ஏறாது, அதேபோல அண்டார்டிகாவின் பனித்தட்டுகள் உருகினாலும் கடல் உயராது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தம்ளர் கணக்கு கிட்டத்தட்ட சரி. ஆனால் அதை வைத்துக் கவலை வேண்டாம் என்பது தவறு.

பனித்தட்டு என்பது நிலத்திலிருந்து இறங்கிவரும் பனியாறுகளின் மிதக்கும் நுனி. விரிகுடாவின் பக்கங்களிலும் கடலடி மேடுகளிலும் உரசி நிற்பதால், பின்னால் வரும் பனியை அது தடுத்துப் பிடிக்கிறது. அந்தத் தடை போனால் நிலத்துப் பனி வேகமாகக் கடலில் இறங்கும். கடலை உயர்த்துவது அந்தப் பனிதான்.

இது ஊகம் இல்லை, கண்ணெதிரே நடந்தது. 2002-இல் அண்டார்டிகாவின் லார்சன் பி பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் நொறுங்கியது. அப்புறம் அதன் பின்னாலிருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்தன. தட்டின் மிச்சம் தாங்கிநின்ற பக்கத்துப் பனியாறுகளோ அப்போது அப்படி ஓடவில்லை. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பரப்பு குறையாத தட்டும் அடியில் மெலியலாம் என்பதையும் மறக்கக் கூடாது. மேற்கு அண்டார்டிகாவை ஒட்டிய அமுண்ட்சன் கடலில் வெதுவெதுப்பான ஆழ்நீர் பனித்தட்டுகளை அடியிலிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது. அங்குள்ள த்வைட்ஸ் பனியாறு முழுவதும் கடலில் சேர்ந்தால், உலகக் கடல்மட்டம் அரை மீட்டருக்கு மேல் உயரும்.