நுவரெலியா போனா தபால் ஆபீஸோட திரும்பிடாதீங்க

இலங்கையில இருக்கற மலை ஊரு நுவரெலியாவுக்குப் போய்ட்டு வர்ற நம்மூர் ஆளுங்க முக்காவாசி பேர் சொல்றது "ஊட்டி மாதிரிதான்பா, கொஞ்சம் சுத்தமா இருக்கு". சுத்தம் சரி, ஆனா எனக்குப் பட்ட வித்தியாசம் வேற. வெள்ளக்காரன் கட்டுனத அங்க இடிக்கவும் இல்ல, பூட்டுப் போட்டு வேடிக்கை பொருளாக்கவும் இல்ல. 1894ல கட்டுன செங்கல் தபால் ஆபீஸ், உச்சில மணிக்கூடு, இன்னிக்கும் தபால் ஆபீஸாவே ஓடுது, உள்ள போய் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி வீட்டுக்கு ஒரு கார்டு போடலாம். 2023ல இத ஹோட்டலுக்குக் குடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் தபால்காரங்க ஸ்ட்ரைக்ல எறங்கிட்டாங்க. ஒரு பழைய கட்டடத்துக்காக நம்ம பக்கம் யாராச்சும் வேலைய நிறுத்தி நான் கேள்விப்பட்டதில்ல!

வெள்ளக்காரன் காலத்து ஹில் கிளப்ல ராத்திரி சாப்பிடணும்னா ஆம்பளைங்க கோட்டு டை போடணும், இல்லன்னா அவங்களே இரவல் தர்றாங்க. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு.

சுத்திப் பாக்க நெறைய இருக்கு. ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியறதுக்கு முன்னாடியே கெளம்புங்க, லேட்டா போனா 'உலக முடிவு'ன்னு (World's End) பேர் வச்ச மலை விளிம்புல நின்னு வெள்ளை பனிமூட்டத்தத்தான் பாக்கணும், கீழ 800 மீட்டருக்கு மேல பள்ளம் இருக்கறதே தெரியாது. கேட்ல பைய தொறந்து தண்ணி பாட்டில் லேபிளக்கூட உரிச்சுட்டுதான் உள்ள விடறாங்க, நம்ம மலைங்களுக்கும் இத கொண்டு வரணும். ஹக்கல தோட்டம் 1861ல மலேரியா மருந்தான கொய்னா எடுக்கற பட்டைக்காக சிங்கோனா மரம் வளக்க ஆரம்பிச்ச இடம், இப்ப ரோஜா. போற வழியிலயே சீதையம்மன் கோயில், ராமாயண டூர் பஸ் வரிசையா நிக்கும்.

ஆனா இந்த "அப்படியே காப்பாத்தி வச்சிருக்காங்க"ன்ற பாராட்டுல ஒரு இடறல் இருக்கு. டவுன விட்டு வெளிய வந்தா தேயிலைக்கு நடுவுல லயன் வீடுங்க, அதாவது தோட்டத் தொழிலாளிங்க இருக்கற வரிசை வீடுங்க. தகரக் கூரை, வீட்டுக்கு வீடு ஒரே சுவர், ஒரு ரூம், முன்னால துண்டு வராந்தா. இதுவும் அதே வெள்ளக்காரன் காலத்து ஏற்பாடுதான், இதுவும் அப்படியேதான் இருக்கு. கொஞ்சம் பேருக்கு இந்தியா பணத்துல தனி வீடு கட்டிக் குடுத்துருக்காங்க, இன்னும் லயத்துலயே கெடக்கறவங்க எத்தனயோ பேரு. கொழுந்து பறிக்கற அக்காங்கள நிக்க வச்சு போட்டோ எடுக்கறோம், ரெண்டு வார்த்த பேசுனா "எங்க தாத்தா ஆளுங்க திருச்சி பக்கம்"ம்பாங்க. அந்த தாத்தாங்க வெட்டுன காடு, போட்ட ரோடு, அதுக்கு மேலதான் குட்டி இங்கிலாந்துன்னு சொல்ற இந்த நுவரெலியாவே நிக்குது, இலங்கைக்கு சுதந்திரம் வந்த 1948லயே சட்டம் போட்டு இவங்கள நாடில்லாதவங்களாக்கிட்டாங்க. 1964ல இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கப்புறம் லட்சக்கணக்குல இந்தியாவுக்குக் கப்பலேத்தி அனுப்புனதும் இவங்களத்தான். அப்படி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் நீலகிரியில தமிழ்நாடு அரசோட டான்டீ தேயிலைத் தோட்டமே போட்டாங்க, கூடலூர் கோத்தகிரி பக்கம் போறப்ப விசாரிச்சுப் பாருங்க, நுவரெலியா கதைய கூகிள விட நல்லா சொல்றவங்க அங்கயே இருக்காங்க.