டம்ளர் தண்ணீரில் அன்னாசி காய்க்காதுங்க

ஒரு வீடியோவில் வாழைப்பழத்தை நாலு துண்டாக வெட்டி மண்ணில் புதைக்கிறார்கள். மேலே ஒரு சொம்புத் தண்ணீர். அடுத்த காட்சியில் முழங்கால் உயரத்துக்கு வாழைக்கன்று நிற்கிறது! இதை எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். அதுவும் யார்? ஈரோடு பக்கம் கோபியிலும் சத்தியிலும் வாய்க்கால் தண்ணீரில் தலைமுறையாக வாழை வைத்த குடும்பங்கள். நாம் தின்கிற நேந்திரனுக்கும் கதலிக்கும் முளைக்கிற விதையே கிடையாதுங்க. உள்ளே தெரிகிற கறுப்புப் புள்ளி விதையாக ஆகாமலே நின்று போனது. வாழை வருவது கிழங்கிலிருந்து, பக்கக் கன்றிலிருந்து. இப்போது திசு வளர்ப்புக் கன்றும் வாங்கி வைக்கிறார்கள். பழத்தைப் புதைத்தால் அழுகும், எறும்பு வரும். அவ்வளவுதான். வீடியோவில் நிற்பது எங்கேயோ வாங்கி வந்து நட்ட கன்று. பச்சைப் பொய்.

பெரியவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். கோவை சரவணம்பட்டியில் ஃபிளாட்டில் இருக்கும் அக்கா மகள் இதே மாதிரி இன்னொரு வீடியோவை நம்பி அன்னாசிக் கொண்டையை டம்ளர் தண்ணீரில் வைத்திருக்கிறாள். போன வாரம் போயிருந்தபோது காட்டினாள். தண்ணீர் கொழகொழவென்று இருந்தது. அடி இலையைத் தொட்டால் கையோடு வந்துவிட்டது, ஒரே புளித்த வாடை. "ஒரே மாசத்துல காய் வரும்னாங்க மாமா. நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்று கேட்கிறாள். நீ ஒரு தப்பும் பண்ணவில்லை அம்மிணி. தப்பு உன்னை ஏமாற்றினவன் மேல்.

கொண்டையிலிருந்து அன்னாசி வரும், அது உண்மை. பழச் சதை ஒட்டாமல் திருகி எடுத்து, அடி இலைகளைக் கழற்றி, சில நாள் நிழலில் காயவிட்டு, தண்ணீர் தேங்காத மண்ணில் நட்டு, நல்ல வெயிலில் வைத்தால் வரும். எத்தனை நாளில்? ரெண்டு வருஷம் ஆகும், தொட்டியில் அதற்கு மேலும் போகும். நல்ல மண்ணில் வைக்கும் விவசாயிகளே கொண்டையை விட்டுப் பக்கக் கன்றைத்தான் தேடுகிறார்கள், அது சீக்கிரம் காய்க்கும் என்பதால். எல்லாம் ஒன்றாகப் பூக்க எத்திபான் மருந்து ஊற்றுகிறார்கள். இதில் ஒரு வரியாவது அந்த வீடியோவில் உண்டா?

வெயிலைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். உச்சி வெயிலில் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். ஹாலில் டீப்பாய் மேல் சில நூறுதான். நம் கண் பழகிக்கொள்வதால் வீடு வெளிச்சமாகத் தெரிகிறது, செடிக்கு அது இருட்டு. சோபா பக்கத்தில் வைத்து மாம்பழம் பறிக்கலாம் என்று சொல்கிறவன் தெரிந்தே சொல்கிறான்.

பட்டர் ஃப்ரூட் கொட்டையில் பல்குத்தி செருகுவது அடுத்த கூத்து. முளைக்கும், இலையும் அழகாக இருக்கும். காய்க்க ஐந்து வருஷமோ பத்து வருஷமோ, காய்க்காமலே போனாலும் போகும். அதன் பூ முதல் தடவை பெண்ணாக விரியும், மூடிவிட்டு மறுபடி ஆணாக விரியும். ஒற்றை மரத்தில் சரியாகக் காய் பிடிப்பதே சிரமம், இதில் ஃபிளாட்டுக்குள் வேறு. சேலத்து மல்கோவாவைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டால் மல்கோவா வராது, அதற்குத்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். பப்பாளியில் காய்க்காத ஆண் செடி, காய்க்கிற பெண் செடி என்று உண்டு. நம் கோயமுத்தூர் வேளாண் பல்கலை கொடுத்த கோ.2 ரகமே அப்படித்தான். கோ.7 போன்ற ரகங்களில்தான் ஆண் செடித் தொல்லை இல்லை. கடையில் வாங்கும் ரெட் லேடி வீரிய ஒட்டு ரகம், அதன் விதை தாயைப் போல வராது. லாலி ரோட்டுப் பல்கலையில் இத்தனை வருஷம் உழைத்துக் கண்டுபிடித்ததை எல்லாம் முப்பது விநாடி வீடியோ தூக்கிக் குப்பையில் போடுகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

மங்குஸ்தான் வேண்டுமா? மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு பழப் பண்ணையில் உண்டு. மலையடிவாரத்தின் ஈரமும் நிழலும் இருப்பதால் அங்கே நிற்கிறது. அதையும் பால்கனியில் வளர்க்கலாம் என்று ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் இந்த ஊர் பால்கனியை என்ன பாடு படுத்தும் என்று தெரியாமல்.

செடி வளர்ப்பு வீடியோ போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நட்ட தேதியையும் பறித்த தேதியையும் திரையில் போடுங்கள். செடி எந்தத் திசை ஜன்னலில் இருக்கிறது என்று காட்டுங்கள். செத்த செடியையும் காட்டுங்கள். பிள்ளைகள் அதையும் பார்க்கட்டும்.

அக்கா மகளுக்குப் பதியன் போட்ட கொய்யா ஒன்று வாங்கித் தரப்போகிறேன், பெரிய தொட்டியும் சேர்த்து. மொட்டை மாடியில் வெயில் கொட்டிக் கிடக்கிறது. அசோசியேஷன்காரர்கள் மாடியைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார்கள். அந்தச் சண்டையை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போடுகிறேன்.