கண்டக்டருக்கு வாத்தியம் எங்க இருக்கு?

ரெண்டு வாரமா ராத்திரி கிளாஸ் முடிஞ்சு பசங்க கிளம்பினதும் எனக்கு ஒரே வேலைதான், மால்கோ போட்டி வீடியோக்கள தேடித் தேடிப் பாக்கறது. கோபன்ஹேகன்ல ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர்களுக்காக, அதாவது வாத்தியக்காரங்க முன்னாடி நின்னு கையசைச்சு எல்லாரையும் ஒண்ணா வாசிக்க வைக்கறவங்களுக்காக, நடத்தற சர்வதேசப் போட்டி அது, 1965ல ஆரம்பிச்சது, இப்ப 3 வருஷத்துக்கு ஒரு தடவ நடக்குது, டேனிஷ் நேஷனல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவே போட்டியாளர்களுக்கு உட்கார்ந்து வாசிக்குது. 2024ல கொரியாக்காரர் சாமுவேல் சியுங்வான் லீ ஜெயிச்சாரு. எல்லாரும் ஃபைனல்தான் பாப்பாங்க, கோட் சூட், பூங்கொத்து, கைதட்டல் எல்லாம் அங்கதான் இருக்கு. எனக்கு ஆரம்ப ரவுண்டுகள்தான் உசிரு. ஏன்னா அதுல கச்சேரி கிடையாது, ரிகர்சல்தான்.

இருபத்தஞ்சு வயசு பொண்ணோ பையனோ உள்ள வர்றாங்க. எதிர்ல அறுபது எழுபது பேர், அதுல பல பேரு இந்தப் பையன் பொறக்கறதுக்கு முன்னாடியே அந்த பீஸ வாசிச்சு முடிச்சவங்க. இவன் கைல இருக்கறது ஒரு குச்சி, அது ஒரு சத்தமும் போடாது. குடுத்திருக்கற கொஞ்ச நிமிஷத்துக்குள்ள அந்த எழுபது பேரு வாசிக்கறதுல எதையாச்சும் ஒண்ண நல்லதா மாத்திக் காட்டணும், அதுக்குத்தான் மார்க். ஒருத்தன் நாலு பார் (நம்ம ஆவர்த்தனம் மாதிரி) வாசிக்க விட்டுட்டு நிறுத்தி அந்த மியூசிக்குக்குப் பின்னாடி இருக்கற கதைய சொல்ல ஆரம்பிச்சான், நல்லாத்தான் சொன்னான், ஆனா வயலின்காரங்க கண்ணு ஒவ்வொண்ணா மியூசிக் ஸ்டாண்டுக்கு இறங்கிடுச்சு, கேட்கறத நிறுத்திட்டாங்கன்னு எனக்கே தெரிஞ்சுது. அடுத்து வந்த பொண்ணு செகண்ட் வயலின பாத்து "வில்ல இன்னும் கம்மியா எடுங்க"ங்கற அர்த்தத்துல ஒரே ஒரு வார்த்தை, மறுபடி அதே இடம். அவ்ளோதான். ஹாலோட சத்தமே மாறிப்போச்சு. பெரம்பூர்ல ஒரு மொட்டைமாடி ரூம்ல போன்ல பாத்துட்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு.

நம்ம ஆளுங்க நிறைய பேரு கேட்கறாங்க, கண்டக்டர் நிஜமாவே என்னதான் பண்றாரு, அவரு இல்லாட்டியும் அவங்க வாசிப்பாங்கல்ல, எல்லார்கிட்டயும் நோட்ஸ் இருக்குல்லன்னு. என் அம்மாவே கேட்டாங்க. அவங்களுக்கு நான் சொன்ன பதில இங்கயும் சொல்றேன். நம்ம கச்சேரில பாடறவங்க தொடைல தாளம் போடறாங்க, சபால உட்கார்ந்திருக்கற மாமாக்களும் போடறாங்க, அந்தக் கை இப்ப எந்த அட்சரத்துல இருக்கோம்னு சொல்லுது. கண்டக்டரோட கை இப்ப நடக்கறத சொல்றதில்ல, அடுத்து வரப்போறத சொல்லுது. சத்தம் வர்றதுக்கு ஒரு மூச்சு முன்னாடியே அந்தக் கை அங்க போயிருக்கணும். பீத்தோவனோட அஞ்சாவது சிம்பொனி ஆரம்பம் எல்லாருக்கும் தெரியும், அந்த நாலு நோட்டு. ஆனா அது நோட்டுல ஆரம்பிக்கல, அரை இடம், அதாவது அரை அட்சரம், மௌனத்துல ஆரம்பிக்குது, அதுக்கப்புறம்தான் மொத நோட்டு விழும். நம்ம பாஷைல சொன்னா அநாகத எடுப்பு. நமக்கு தாளம் ஏற்கனவே ஓடிட்டிருக்கும், அதுல அரை இடம் தள்ளி எடுக்கறது பத்து வயசு பாட்டு கிளாஸ் குழந்தைக்குக் கூட வரும். அங்க தாளம் ஓடல, முழு அமைதி, அந்த அமைதிக்குள்ள ஒரே ஒரு கையசைவுல எத்தன வேகம், எத்தன பலம், எப்ப மூச்சு விடணும்னு எல்லாருக்கும் ஒண்ணா புரிய வச்சாகணும். அதுல கை லேசா நடுங்கினா வயலின் ஒரு பக்கம் கிளாரினெட் ஒரு பக்கம்னு சிதறிடும். அம்மா உடனே கேட்டாங்க, அப்ப அதுக்கு எப்படிப்பா பிராக்டிஸ் பண்ணுவாங்கன்னு.

அதுதான் கேள்வியே. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

நான் வயலின் கத்துக்கறேன்னா எனக்கு ஒரு வயலின் வேணும். பழசோ புதுசோ, கடன்ல வாங்கினதோ, வீட்ல வச்சு ராத்திரி பகலா தேய்க்கலாம். கண்டக்டிங் கத்துக்கறவனுக்கு வாத்தியமே மனுஷங்கதான். அது கடைல கிடைக்காது.

எனக்கு பத்தொம்பது வயசுல இது புரிஞ்சுது. எங்க சர்ச் கொயர் மாஸ்டருக்கு டிசம்பர்ல மஞ்சள் காமாலை வந்து படுத்துட்டாரு, கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு என்னை நிக்கச் சொன்னாரு. "நீதான்டா எல்லா பார்ட்டும் தெரிஞ்சவன்"னு சொன்னாரு. ஒரு மாசம் ராத்திரி பகலா கண்ணாடி முன்னாடி நின்னு கேசட் போட்டு கை வீசினேன், எல்லா என்ட்ரியும் மனப்பாடம், எந்த பார்ல டெனர் (ஆம்பளைங்க மேல் குரல்) வருது எங்க சோப்ரானோ (பொண்ணுங்க மேல் குரல்) மூச்சு எடுக்கணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அன்னிக்கு நாப்பது பேர் முன்னாடி நின்னு கைய இறக்கினேன், பாதிப் பேரு வந்தாங்க, பாதிப் பேரு ஆர்கன பாத்தாங்க, நான் பயந்துபோய் அவங்க பாடறதுக்கு ஏத்த மாதிரி கைய ஆட்ட ஆரம்பிச்சுட்டேன், அவங்க என்னைப் பாத்து இன்னும் மெதுவா ஆனாங்க, நான் அவங்கள பாத்து இன்னும் மெதுவா ஆனேன், கடைசில ஆர்கன் வாசிச்ச அக்காதான் எங்க எல்லாரையும் இழுத்துக் கரை சேத்தாங்க. ரொம்ப நாள் யோசிச்சேன், எங்க தப்பு பண்ணினேன்னு. கேசட்டுக்கு முன்னாடி நான் எவ்ளோ தப்பா கை காட்டினாலும் கேசட் சரியாத்தான் பாடும். அது ஒரு நாளும் என் கைய நம்பி ஏமாந்ததில்ல, அதனால எனக்கு ஒரு நாளும் எதையும் சொல்லிக் குடுக்கல. மனுஷங்கதான் தப்பா காட்டினா தப்பா பாடுவாங்க. அந்தத் தப்புலதான் படிப்பு இருக்கு.

இந்த சர்வதேசப் போட்டிகள்ல ஜெயிச்சவங்க கதைய எடுத்துப் பாருங்க. குஸ்தாவோ டூடமெல் 2004ல ஜெர்மனி பாம்பெர்க்ல முதல் தடவையா நடந்த மாஹ்லர் போட்டில ஜெயிச்சப்ப வயசு 23. எல்லா பேப்பரும் அற்புதம், அதிசயம்னு எழுதினாங்க. திறமை இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா வெனிசுவேலால 1975லயே ஹோசே அந்தோனியோ அப்ரேயு எல் சிஸ்டெமாங்கற திட்டத்த ஆரம்பிச்சு ஏழைக் குழந்தைங்க கைலயும் வயலின குடுத்தாரு, டூடமெல் அதுல வளர்ந்த பையன், 1999ல, பதினெட்டு வயசுல, அங்க இருந்த யூத் ஆர்கெஸ்ட்ராவுக்கு தலைமை ஏத்துட்டாரு. அப்ப பாம்பெர்க் மேடைல ஏறும்போது அவர் கைல 5 வருஷம் ஆர்கெஸ்ட்ரா இருந்துருக்கு! மத்தவங்களுக்கு மாசத்துக்கு ஒரு மணி நேரம் கிடைச்சிருந்தாலே பெருசு.

அதே மாஹ்லர் போட்டில 2016ல ஜெயிச்சது சிங்கப்பூர்க்காரர், கா சுன் வோங். ஸ்கூல் பேண்ட்ல ஊத ஆரம்பிச்சவர், இப்ப மான்செஸ்டர் ஹாலே ஆர்கெஸ்ட்ராவோட பிரின்சிபல் கண்டக்டர். சிங்கப்பூர் நமக்கு ஒண்ணும் தூர தேசம் இல்ல, நாலு மணி நேர ஃப்ளைட், தமிழ் அங்க ஆட்சிமொழி, நம்ம தெருவுக்கு ரெண்டு வீட்ல ஒருத்தர் அங்க இருக்காரு. ஜனத்தொகைல சென்னைய விட சின்ன ஊரு. ஆனா 1979லயே சிங்கப்பூர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவ ஆரம்பிச்சுட்டாங்க. அது ஆரம்பிச்சு 37 வருஷம் கழிச்சு ஒரு பையன் உலகப் போட்டில ஜெயிக்கிறான்.

நம்ம நாட்டுலயும் ஒருத்தர் ஜெயிச்சிருக்காரு, அத நிறைய பேருக்குத் தெரியல. ஜுபின் மேத்தா, 1958ல லிவர்பூல்ல நடந்த சர்வதேச கண்டக்டர் போட்டில முதல் பரிசு, வயசு 22. அவரோட அப்பா மெஹ்லி மேத்தா பம்பாய்ல 1935லயே சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவ உருவாக்கினவரு, அதாவது ஜுபின் பொறக்கறதுக்கு முன்னாடி வருஷமே வீட்ல ஆர்கெஸ்ட்ரா பொறந்தாச்சு. அப்படிப்பட்ட பையனே 1954ல வியன்னாவுக்குப் போய்தான் படிக்க வேண்டியிருந்துச்சு. லிவர்பூல்ல அவருக்குக் கிடைச்ச பெரிய பரிசு என்ன தெரியுமா, அங்க இருக்கற பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு வருஷம் அசிஸ்டென்ட் கண்டக்டர் வேலை. ஒரு கண்டக்டருக்குக் குடுக்கக்கூடிய உருப்படியான பரிசு அதுதான், ஆர்கெஸ்ட்ராவோட நேரம். லண்டன் டொனாடெல்லா ஃபிளிக் போட்டிலயும் ஜெயிக்கறவங்களுக்கு லண்டன் சிம்பொனில அசிஸ்டென்ட் வேலைதான். அங்க 1990ல ஆரம்பிச்ச போட்டில ஒரு பொண்ணு ஜெயிக்க 2014 வரைக்கும் ஆச்சு, ஹாங்காங் பொண்ணு எலிம் சான். பொண்ணுங்களுக்கு ஆர்கெஸ்ட்ரா முன்னாடி நிக்க நேரமே குடுக்கலன்னா எப்படி ஜெயிப்பாங்க, அதனாலதான் 2020ல பாரிஸ்ல பொண்ணுங்களுக்குன்னே லா மாஸ்ட்ரா போட்டி வந்துச்சு, முதல் வருஷமே ஜெயிச்சது இந்தோனேஷியாவோட ரெபெக்கா டாங்.

2005 டிசம்பர் 26, சுனாமி வந்து சரியா ஒரு வருஷம், மேத்தா சாரு பவேரியன் ஸ்டேட் ஆர்கெஸ்ட்ராவ கூட்டிட்டு வந்து நம்ம மியூசிக் அகாடமில நினைவஞ்சலிக் கச்சேரி பண்ணினாரு. நான் பின்னாடி பால்கனில. அவரோட இடது கைய மட்டுமே பாத்துட்டிருந்தேன். வலது கை நேரத்த பாத்துக்கும், இடது கைதான் அந்த நேரத்துக்குள்ள உசிர வைக்கும். வெளிய வந்து டிடிகே ரோட்ல நடந்துகிட்டே நினைச்சேன், இந்த ஊர்ல ஒரு பையனுக்கு இந்த மாதிரி ஆகணும்னு ஆசை வந்தா நாளைக்கு காலைல அவன் எங்க போவான்னு. இருபது வருஷம் ஆச்சு, இன்னும் அந்தக் கேள்விக்கு பதில் இல்ல.

சென்னைல ஆளு இல்லயா? கேட்கவே வேண்டாம். அண்ணா சாலைல மியூஸி மியூசிகல்ங்கற வாத்தியக் கடை 1842ல இருந்து இருக்கு, மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் கொயர் 1893ல இருந்து பாடுது. சினிமா ரெக்கார்டிங்ல ஐம்பது அறுபது வயலின் ஒண்ணா உட்கார்ந்து நோட்ஸ பாத்து ஒரே டேக்ல வாசிச்ச ஊரு இது. ராஜா சார் ரெக்கார்டிங்ல டிரம்மர் புருஷோத்தமன் சார் நின்னு கண்டக்ட் பண்ணுவாருன்னு சீனியர்ங்க கண்ணு விரிய சொல்லுவாங்க. நான் செஷன் வாசிக்கப் போன காலத்துல ஹெட்ஃபோன்ல க்ளிக் வந்துடுச்சு, காதுல டிக் டிக்னு ஓடும்போது யாரும் யார் கையையும் பாக்கவேண்டியதில்ல. அப்புறம் கீபோர்டுலயே ஸ்ட்ரிங்ஸ் வந்துது, கூப்பிடறதும் குறைஞ்சுது. ஒரு பெரிய வாத்தியக் கூட்டம் கண்ணு முன்னாடியே கலைஞ்சுபோச்சு. 2025 மார்ச் 8 லண்டன்ல ராஜா சாரோட சிம்பொனிய ராயல் பில்ஹார்மோனிக் வாசிச்சப்ப எல்லாரையும் போல நானும் அழுதேன், பெருமைல. கூடவே ஒரு வலி, பண்ணைபுரத்துல பொறந்து மெட்ராஸ்ல எழுதக் கத்துகிட்ட மனுஷனோட சிம்பொனிய முதல்ல வாசிக்க இந்த ஊர்லயே ஒரு ஆர்கெஸ்ட்ரா இருந்திருக்கணும்ல? மும்பைல 2006ல இருந்து சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கு. இங்க ரஹ்மான் சாரோட சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவுல வசதியில்லாத பசங்களுக்கு இலவசமா சொல்லித் தர்றாங்க, மனசார வாழ்த்தறேன், அந்த மாதிரி ஊருக்கு பத்து வேணும்.

ஃப்ரெண்டு ஒருத்தர் கேட்டாரு, கலைல எதுக்குய்யா போட்டி, இருபது நிமிஷத்துல ஒரு கண்டக்டர அளந்துட முடியுமான்னு. நியாயமான கேள்வி. முழுசா அளக்க முடியாது. பெரும்பாலும் 35 வயசுக்குள்ளன்னு வேற வயசு வரம்பு வைக்கிறாங்க, இந்தக் கலை பழுக்கறதே அறுபதுக்கு மேல, ஹெர்பர்ட் ப்ளூம்ஸ்டெட் 1927ல பொறந்தவரு, 95 தாண்டியும் உட்கார்ந்துகிட்டே கண்டக்ட் பண்ணாரு. கைய அழகா வீசறவன் ஜட்ஜ் கண்ண கட்டிடவும் வாய்ப்பிருக்கு. ஆனா பிரான்ஸ் பெஸான்சோன் போட்டில ஆர்கெஸ்ட்ராவே ஓட்டுப் போட்டு தனியா ஒரு பரிசு குடுக்கறாங்க, கீழ உட்கார்ந்து வாசிக்கறவங்கள ஏமாத்த முடியாது. அங்கதான் 1959ல செய்ஜி ஒஸாவா ஜெயிச்சாரு. ரக்பி ஆடி விரல் ஒடிஞ்சு பியானோ போச்சு, ஜப்பான்ல இருந்து சரக்குக் கப்பல்ல ஸ்கூட்டரோட ஐரோப்பா வந்த 24 வயசு பையன். போட்டி இல்லாட்டி அந்தப் பையன எந்த ஆர்கெஸ்ட்ரா உள்ள விட்டிருக்கும்? அப்புறம் பாஸ்டன் சிம்பொனிக்கு 29 வருஷம் அவருதான். வெளியூர்ல இருந்து வர்றவனுக்கு, சிபாரிசு இல்லாதவனுக்கு, போட்டிதான் கதவு. நான் போட்டிக்கு ஆதரவுதான். அந்தக் கதவு வரைக்கும் நம்ம பசங்க போய்ச்சேர ரோடு இல்லங்கறதுதான் என் வருத்தம்.

கவர்ன்மென்ட் பண்ணட்டும், பெரிய கம்பெனி யாராச்சும் பண்ணட்டும்னு உட்கார்ந்து இருபது வருஷம் போச்சு. போன மாசத்துல இருந்து சனிக்கிழமை சாயங்காலம் எங்க மாடில ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். ஏழு வயலின், ஒரு செல்லோ, ரெண்டு ஃப்ளூட், ஒரு கீபோர்டு. வாசிக்கற ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து நிமிஷம் முன்னாடி நின்னு கண்டக்ட் பண்ண சான்ஸ். முதல் வாரம் பதினாலு வயசு பொண்ணு ஒருத்தி ஏறினா, கைய இறக்கினா, யாரும் வரல. திரும்ப இறக்கினா, பாதிப் பேரு வந்தாங்க. என்னைப் பாத்தா, நான் ஒண்ணும் சொல்லல. மூணாவது தடவ கைய தூக்கும்போது அவளே மூச்ச இழுத்தா, சத்தம் கேட்கற மாதிரி. எல்லாரும் கூடவே இழுத்தாங்க. ஒண்ணா விழுந்துது. அவ கண்ணு அப்படியே பெருசாயிடுச்சு, "மாஸ்டர், இன்னொரு தடவ"ன்னு கேட்டா.

வியோலாவுக்கு மட்டும், வயலின் மாதிரியே ஆனா கொஞ்சம் பெருசா, சத்தம் கீழ இறங்கி இருக்குமே அதுக்கு, ஆளே கிடைக்கல. பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம், கொளத்தூர் பக்கம் வியோலா வச்சிருக்கறவங்க, இல்ல வயலின்ல இருந்து மாத்திக்கத் தயாரா இருக்கறவங்க யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. எந்த வயசா இருந்தாலும் பரவாயில்ல, சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வரணும், அவ்ளோதான்.