லிஃப்டில் ஒட்டச் சொல்லவில்லை

எங்கள் குடியிருப்பு லிஃப்டில் ஒட்டியிருந்த ஒரு தாளை நேற்றுப் படம் எடுத்துப் போட்டேன். அதற்குக் கீழே வந்த பின்னூட்டங்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஏலாது. உள்பெட்டியில் வேறு "விடுங்க அக்கா, பெரிசு பண்ணாதீங்க" என்று நாலைந்து பேர். அதனால் இங்கேயே ஒருதரம் எழுதிவிட்டுப் போகிறேன்.

முதலில் ஒன்று. அந்தத் தாளில் இருந்த மூன்று வீட்டு எண்களையும் நான் மறைத்துத்தான் படத்தைப் போட்டேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு அந்த யோசனை வரவில்லை. "கீழ்க்கண்ட வீடுகளில் வெளிநாட்டவர் வசிக்கின்றனர். சந்தேகத்துக்கிடமாக எதையாவது கண்டால் உடனே செக்யூரிட்டியிடம் தெரிவிக்கவும்." கணினியில் அடித்து, கொட்டை எழுத்தில், லிஃப்டுக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில். தலை சீவிக்கொண்டே வாசிக்கலாம். மூன்றாவது எண் எங்களுடையது.

நான் வெளிநாட்டவர்தான். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. யாழ்ப்பாணம், இலங்கைக் கடவுச்சீட்டு, என்ர மனுசனுடைய வேலை விசாவில் தொங்கிக்கொண்டு வந்த விசா. சட்டம் என்னை அப்படித்தான் அழைக்கிறது, அழைக்கட்டும். வெளிநாட்டு ஆள் வீட்டுக்கு வந்து 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஃபார்ம் சி பதிய வேண்டும் என்றார்கள். பதிந்தோம். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு என்றார்கள். செய்தோம். படம், கடவுச்சீட்டு, விசா, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அரசாங்கத்திடம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் எந்த இடத்திலும் லிஃப்டில் ஒட்டச் சொல்லவில்லை.

அந்த ஃபார்ம் சி கதையையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் 2022 டிசம்பரில் திரும்ப ஓடத் தொடங்கியது. நாங்கள் அடுத்த மாதம் ஏறினோம். வளசரவாக்கத்தில் வீடு பார்த்துத் தந்த புரோக்கர் சொன்ன கணக்கு: "லோக்கல்னா ஆறு மாச அட்வான்ஸ், வெளிநாடுனா பத்து." தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017இல் நிறைவேறி 2019இல் நடைமுறைக்கு வந்தது. இருவரும் வேறுமாதிரி ஒப்பந்தம் செய்யாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது அது. ஒப்பந்தத்தை எழுதுவது யார்? அவர்கள்தான். பத்து மாதம் கட்டினோம். பிறகு வீட்டுக்காரர் ஃபார்ம் சி பதியப் பயந்தார். "நான் எதுக்கும்மா ஆன்லைன்ல என் பேரைக் குடுக்கணும்? நாளைக்கு ஒண்ணுன்னா என்னைத்தானே கூப்பிடுவான்?" பாவம், நல்ல மனுசன். அவர் மகளுடைய மடிக்கணினியில் நானே பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பெட்டியாக நிரப்பினேன். என்னைப் பற்றி அரசாங்கத்துக்கு அறிவிக்கும் படிவத்தை நானே நிரப்பினேன். அவர் காபி போட்டுத் தந்தார்.

இவ்வளவையும் செய்தவளைப் பார்த்துத்தான் "சட்டத்தை மதிக்கக் கூடாதா?" என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். மதித்த களைப்பில்தான் தம்பி கதைக்கிறேன்.

அடுத்தது, "பாதுகாப்புக்குத்தானே." சரி, யாருடைய பாதுகாப்பு? இரண்டாம் மாடியில் இருக்கும் கொரியாக் குடும்பத்தில் மூன்று பேர். மூன்றாவது ஆளுக்கு ஐந்து வயது, சைக்கிளுக்குச் சின்னச் சக்கரம் இன்னும் கழற்றவில்லை. முதலாம் மாடியில் சூடான் பெடியன்கள் இரண்டு பேர், கல்லூரிக்குப் போகிறவர்கள். அவர்கள் லிஃப்டில் ஏறினால் சில பேர் "நீங்க போங்க" என்று அடுத்த தரத்துக்கு நிற்கிறார்கள். இப்போது அதற்கு அத்தாட்சியாக ஒரு தாளும் வந்துவிட்டது. தாளை ஒட்டிய செக்யூரிட்டிப் பையன் அசாம்காரன். தமிழ் வாசிக்கத் தெரியாது. நாலு மூலையும் கோணாமல் ஒட்டியிருந்தான்.

செயலாளருக்குப் போன் எடுத்தேன். "மேடம், உங்களைச் சொல்லல மேடம். நீங்க நம்ம ஆளு. அது மத்தவங்களுக்கு."

"அப்ப என்ர நம்பர் ஏன் சார் அதில இருக்கு?"

"உங்களை மட்டும் விட்டா பார்ஷியாலிட்டினு பேசுவாங்க மேடம்."

இதற்கு மேல் என்ன கதைக்கிறது?

ஒரு விசயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவது பொய். தாளைக் கண்டதும் எனக்கு முதலில் வந்த கோபம் நியாயமான கோபம் இல்லை. 'அவர்களோடு சேர்த்து என்னை ஏன் போட்டார்கள், நான் தமிழ் ஆள் அல்லவா' என்றுதான் வந்தது. நாலாம் மாடிக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வெட்கம் வந்தது. (எங்கள் சனத்துக்குத் தெரியும், கொழும்பில் 'நாலாம் மாடி' என்றால் விசாரணைக்குக் கொண்டுபோகிற இடம். வீடு பிடித்திருக்கிறோம், நாலாம் மாடி என்று அம்மாவுக்குப் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.)

நம்ம ஆளு என்கிறார்களே, அதுவும் எவ்வளவு தூரம் என்று பார்த்திருக்கிறேன். வந்த கிழமை கடையில் பாண் இருக்கா என்று கேட்டேன், இங்கத்தைய பிரெட்டைத்தான். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தெருமுனை பீடாக் கடையைக் காட்டினார். கச்சான் (வேர்க்கடலை) கேட்டேன், சவர்க்காரம் (சோப்பு) கேட்டேன். பின்னால் நின்ற பெண் "மலையாளமா?" என்றாள். இதெல்லாம் பகிடி, நானே சொல்லிச் சிரிப்பேன். கேஸ் இணைப்புக்குப் போனபோது "எந்த கேம்ப்மா நீங்க?" என்று கேட்டது பகிடி இல்லை. அகதி கேம்பில் இருப்பது ஒரு இழிவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இலங்கை என்று வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டுமா? கொரியாக்காரியிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. அவளுக்கு 'சார்' வீடு, 'கம்பெனி' வீடு.

இனி எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் பின்னூட்டம். "1991ஐ மறந்துட்டீங்களா?" நேற்று அதை ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். மறக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட அந்த மே மாதம் எனக்கு ஆறு வயது. கொரியாக்காரியின் கணவர் தினமும் காலையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காருக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலைக்குப் போகிறார். ஹூண்டாய் 1998இல் அங்கே கார் செய்யத் தொடங்கியதிலிருந்து கொரியாச் சனம் வருகிறது, போகிறது. ஸ்ரீபெரும்புதூர் என்றால் அவளுக்குச் சம்பளம். நான் அந்தப் பெயரைச் சொன்னால் எதிரில் நிற்பவர் முகம் மாறுகிறது. அதனால் அந்தப் பக்கம் போகும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைக்கூடச் சத்தமாக வாசிக்க மாட்டேன்.

"உங்களுக்கு எவ்வளவு செய்தோம்" என்பவர்களுக்கு: ஓம், செய்தீர்கள். 83 கலவரத்துக்குப் பிறகு வள்ளத்தில் வந்தவர்களை எடுத்து வைத்துக்கொண்டது இந்த மண். என் பெரியப்பா திருச்சியில் இருந்துதான் பிள்ளைகளைப் படிப்பித்தார். எங்களுக்கும்தான். வந்த முதல் நாள் காலமை எதிர்வீட்டு மாமி நீலப் பாக்கெட் ஆவின் பாலையும் ஒரு பாத்திரத்தையும் கொண்டுவந்து, "முதல்ல பால் காய்ச்சும்மா, சாமானெல்லாம் அப்புறம் பிரிக்கலாம்" என்றார். நான் மிளகாய்த்தூளுக்கு வறுக்கும்போது அவர் வீட்டுக்குள் எல்லாரும் தும்முவார்கள். ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அதே மாமிதான் நேற்று லிஃப்டில் என்னோடு ஏறி, தாளைப் பார்த்து, என்னைப் பார்த்து, பிறகு நாலு மாடியும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். அவரை அப்படிக் குனிய வைத்த கோபமும் எனக்கு இருக்கிறது.

லண்டனில் இதைவிட மோசம், சிங்கப்பூரில் அப்படி இப்படி என்று எழுதியவர்களுக்குப் பதில் இல்லை. அங்கே லிஃப்டில் ஒட்டினால் அப்போது வாருங்கள்.

"ஒரு தாளுக்கா இவ்வளவு?" ஒரு தாளுக்குத்தான்.

2007 ஜூன் 7. வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் இருந்தேன். கொழும்பில் அப்போது தமிழ் வீடு என்றால் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த தாள் ஒன்று வீட்டில் இருக்கும். வீட்டு உறுதிப்பத்திரத்தைவிட அதைத்தான் சித்தி பத்திரமாக வைத்திருந்தா. அன்றைக்கு விடிய முன்னம் லாட்ஜ்களில் இருந்த தமிழ்ச் சனத்தை எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு லாட்ஜ். யன்னலால் பார்த்தால் பஸ்ஸின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. சித்தி அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு விறாந்தையில் நின்றா. மறுநாள் உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது, கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகும் சித்தி அந்தத் தாளைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் நித்திரை கொண்டா.

வளசரவாக்கமும் வெள்ளவத்தையும் ஒன்று என்று நான் சொன்னதாக நாளைக்கு யாரும் படம் எடுத்துப் போட வேண்டாம். ஒன்று இல்லை என்று எனக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை. நேற்றிலிருந்து படியால் ஏறி இறங்குகிறேன்.

கொரியாக்காரி படியில்தான் பிடித்தாள். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது, தன் வீட்டு எண் மட்டும் தெரிந்திருக்கிறது. போனில் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, "வாட்டர்? நோ வாட்டர்?" என்று கேட்டாள். போன கோடையில் லாரித் தண்ணிக்காக ஒட்டிய அறிவித்தலிலும் இப்படித்தான் வீட்டு எண்கள் இருந்தன. பிள்ளை அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது. நான் ஓம் என்று தலையாட்டினேன். வாட்டர்.

பின்னேரம் முழுக்க இரண்டாம் மாடியில் வாளி நிறைகிற சத்தம் கேட்டது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், ஒரு சிரிப்பு முகமும் சேர்த்து: தண்ணி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறதாம், எங்கள் வீட்டில் நின்றுவிட்டதென்றால் இரண்டு வாளி எடுத்துக்கொள்ளலாமாம்.