மாட்டுக்குப் போட்ட ஊசி

பாறு கழுகுகளைப் பற்றி எப்போது எழுதினாலும் யாராவது ஒருவர் வந்து, "மனுஷனுக்கே ஆயிரம் பிரச்சினை, பிணந்தின்னிக் கழுகைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்டுவிடுகிறார். இந்தக் கேள்விக்குப் பொறுமையாக ஒருமுறை பதில் எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2024இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியாவில் பாறுகள் நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும், எப்போதுமே அதிகம் இல்லாத மாவட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மனிதர்களின் இறப்பு விகிதத்தைப் பார்த்தார்கள். பாறுகள் இருந்து மறைந்துபோன மாவட்டங்களில் அது 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அந்த எண்ணைப் படித்த அன்று எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

எப்படி இது நடந்தது? ஒரு மாடு செத்தால் ஒரு பாறுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பை மட்டும் மிச்சம் வைத்துவிடும். அழுகிய இறைச்சியில் இருக்கும் கிருமிகளைப் பாறின் வயிற்று அமிலம் பெரும்பாலும் கொன்றுவிடும். அந்தத் துப்புரவுக் கூட்டம் இல்லாமல் போனதும் செத்த மாடுகள் ஊர் எல்லையிலேயே கிடந்து அழுகின. நாய்கள் பெருகின. வெறிநாய்க்கடித் தடுப்பூசி விற்பனை ஏறியது. நீர்நிலைகளில் கழிவுக் கிருமிகள் கூடின.

பாறுகள் ஏன் செத்தன என்பதுதான் இன்னும் வேதனையான கதை. 90களின் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற பறவை ஆய்வாளர், பாறுகள் கழுத்தைத் தொங்கப்போட்டு மரத்தில் உட்கார்ந்திருப்பதையும், அப்படியே விழுந்து சாவதையும் கவனித்தார். பாறு வகைகளில் ஒன்றான வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 சதவீதம் அழிந்துபோனது. ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிச்சம். 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்துக் காரணத்தை உறுதி செய்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து, இதயத்தின்மேலும் ஈரல்மேலும் சுண்ணாம்பு பூசியது மாதிரி யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, மாட்டிறைச்சி வழியாகப் பாறுக்குள் போயிருந்தது. அந்த மருந்து படிந்த மாட்டுச் சடலங்கள் நூற்றில் ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை, இந்த அளவு அழிவுக்கு அதுவே போதும் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஒரே சடலத்தில் எத்தனை பாறுகள் உட்கார்ந்து உண்ணும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாடு வளர்ப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் பசுவுக்கு மடிவீக்கம் வந்து படுத்துவிட்டது. டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் எழுந்து நின்று வைக்கோலை இழுத்தது. அம்மா அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. வலியில் துடிக்கும் மாட்டுக்கு மருந்து வேண்டும், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. மெலாக்சிகாம் இருக்கிறதே! பாறுக்குக் கேடு செய்யாது என்று சோதித்துப் பார்த்த மருந்து அது.

என் கோபமெல்லாம் அனுமதி கொடுக்கும் முறைமேல். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006இல் தடை வந்தது. சரி, அதோடு முடிந்ததா? மனிதர்களுக்கான பெரிய மருந்துக் குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. அந்தக் குப்பிகளைத் தடுக்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்புறம் அசிக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலிநிவாரணி. இது மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. பெயர் மட்டும்தான் வேறு! அதற்கும் கீட்டோபுரோஃபென் என்ற வேறொரு வலிநிவாரணிக்கும் தடை வந்தது 2023இல். நிமிசுலைடு என்ற வலிநிவாரணிக்கு 2024 முடியும் தறுவாயில். ஒவ்வொரு முறையும் பறவை செத்து, அதை ஆய்வாளர்கள் அறுத்து, நிரூபித்து, மனு போட்டு, பல வருடம் கழித்துத்தான் தடை.

இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். கால்நடைக்கு எந்த வலிநிவாரணி வந்தாலும் அது பாறுக்கு ஆபத்து இல்லை என்று தயாரிப்பவர் முதலில் நிரூபிக்கட்டும், பிறகு விற்கட்டும். அந்தச் சோதனைக்கும் கண்காணிப்புக்கும் ஆகும் செலவை வனத்துறையின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். 5 லட்சம் உயிர் என்பது சுகாதாரத் துறையின் கணக்கில் வர வேண்டிய எண்.

மாடு வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊசி போடும்போது என்ன மருந்து என்று கேளுங்கள், மெலாக்சிகாம் போடச் சொல்லுங்கள். வேறு வலிநிவாரணி போட்ட சில நாட்களில் மாடு இறந்துவிட்டால் வெளியே போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மருது மரங்களின் உச்சியில் இன்னும் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. ஒரு ஜோடி வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும்.