சித்திரப் போட்டியோடு முடிகிற உயிர்ப்பல்வகைமை

ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம் வந்தால் எங்கட திருகோணமலைப் பாடசாலைகளில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மரக்கன்று நடுவோம், சித்திரப் போட்டி வைப்போம், அதிதி பேசுவார். உயிர்ப்பல்வகைமை அன்றோடு சரி. இந்த மாவட்டத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

ஆபத்தில் இருக்கிற விலங்கு ஒன்று சொல்லுங்கோ என்றால் பிள்ளைகள் பனிக்கரடி, பண்டா என்கிறார்கள். கோட்டை வாசல் தாண்டிக் கோணேசர் கோயிலுக்குப் போகிற பிள்ளை ஒவ்வொன்றும் புள்ளிமானைக் கண்டிருக்கும். அந்த மான் குப்பைக்குள் சோறும் கறியும் ஒட்டிய லன்ச் சீற்றை (சோற்றுப் பொதி சுற்றும் பொலித்தீன் தாளை) நக்கி, அப்படியே விழுங்கிவிடும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் பொலித்தீன் செரிக்காமல் உருண்டு திரளும். வயிறு நிரம்பினது போலவே இருப்பதால் மேயாமல் மெலிந்து மெலிந்து சாகும். நான்கு அறை இரைப்பை பாடத்தில் இருக்கிறது, மான் தெருவில் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பத்து நிமிசம் போதும்.

டைனமைட் பற்றி வகுப்பில் பேசத்தான் எல்லாருக்கும் தயக்கம். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் வெடிவைத்து மீன்பிடிப்பதைத் தடைசெய்கிறது. ஆனாலும் வெடிமீன் சந்தைக்கு வருகிறது. மீன் வெட்டுகிற கைக்கு அது தெரியும்: வயிற்றுக்குள் இரத்தம் கட்டியிருக்கும், நடுமுள் முறிந்திருக்கும், காற்றுப்பை கிழிந்திருக்கும். பெரும்பாலும் மிதக்கிறதைத்தான் அள்ளுகிறார்கள். காற்றுப்பை கிழிந்து தாழ்ந்தவற்றில் பல அடியிலேயே கிடந்து அழுகும். முருகைக்கல்லும் (பவளப்பாறையும்) நொறுங்கும். பாறைபோலத் திரள்கிற முருகை வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். ஒரு வெடி எத்தனை வருச வளர்ச்சியை உடைக்கிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் பார்த்துவிடும். (நிலாவெளிக்கு எதிரே புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. சுற்றுலா கூட்டிப்போகிற ஆசிரியர்களே, முருகையில் காலை வைக்கக் கூடாது என்று படகேற முன்பே சொல்லிவிடுங்கோ.)

"வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், மனம் நோகும்" என்பார்கள். வெடியால் முதலில் வயிற்றில் அடிபடுவது தூண்டிலும் வலையுமாகப் போகிற அவர்களின் அப்பாமார்தான். அந்தப் பிள்ளையைப் பேசவிடுங்கோ. எந்த மீன் எந்த மாதம் எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) கிடக்கும் என்று அது சொல்லும். எனக்குத் தெரியாததெல்லாம் அதற்குத் தெரியும்.

யானைப் பாடம் இன்னும் சிக்கல். மொறவெவ, சேருவில, வெருகல் பக்கத்துப் பிள்ளையிடம் "யானையைக் காப்போம்" என்று எழுதச் சொன்னால் அது என்ன நினைக்கும்? அப்பா இரவிரவாகப் பரணில் காவல் இருந்தும் விடிய வயல் மிதிபட்டுக் கிடப்பதை அது கண்டிருக்கும். 2023 இல் இலங்கையில் 400 இற்கு மேற்பட்ட யானைகளும் 150 இற்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலில் செத்தார்கள். இரண்டு எண்ணையும் ஒரே கரும்பலகையில் எழுத வேண்டும். யானை போய்வந்த பாதையில் குடியேற்றமும் வயலும் வந்த கதையைச் சொல்ல வேண்டும். யானை மின்வேலியை வனசீவராசிகள் திணைக்களத்தின் காட்டெல்லையில் போட்டால் இரு பக்கமும் யானை நிற்கும், ஊரையும் வயலையும் சுற்றிப் போட்டால்தான் பயன் என்று வரைந்து காட்ட வேண்டும். ஹக்கப்பட்டாசையும் மறைக்கக் கூடாது. பூசணிக்காய்க்குள் வைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைக்குட்டி தின்ன முடியாமல் நாட்கணக்காகக் கிடந்து சாகிறது. சின்ன வகுப்புகளுக்கு இது வேண்டாம், சரி. பதினான்கு வயதுப் பிள்ளை கைபேசியில் இதைவிடக் கொடியதைப் பார்க்கிறது. காரணத்தையாவது எங்கட வாயால் கேட்கட்டும்.

வலயக் கல்வி அலுவலகத்தில் இருப்பவர்கள் வாசித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் ஒரேயொரு விஞ்ஞானப் பாடவேளையை மீன்சந்தையிலோ கோட்டையடியிலோ நடத்த அனுமதி தாருங்கோ. சுற்றாடல் முன்னோடி அணிகள் ஏற்கெனவே இருக்கின்றன, புதிதாக எதுவும் தொடங்கத் தேவையில்லை. விண்ணப்பக் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். சேர்ந்து கையெழுத்து வைக்க விரும்புகிற ஆசிரியர்கள் உள்பெட்டிக்கு வாருங்கோ.