ஊதுபத்திப் புகை திசையைத்தான் சொல்லும்

ஊதுபத்தி கொளுத்தி, புகை கலையும் வேகத்தை வைத்து வீட்டுக் காற்றோட்டத்தை அளக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. புகை, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும். மணிக்கு எத்தனை தடவை காற்று மாறுகிறது என்று காட்டாது.

நான் செய்தது இது. ராத்திரி முழுக்க ஏசி போட்டு மூன்று பேர் படுத்த அறை. காலையில், நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் மீட்டரில் 2,220 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு), பால்கனியில் 420. அதாவது வெளிக்காற்றைவிட 1,800 கூடுதல். எல்லோரும் வெளியே வந்து, கதவைச் சாத்தி, காற்று கலக்க ஃபேனை மட்டும் ஓடவிட்டோம். ஒரு மணி நேரம் கழித்து 1,320. கூடுதல் சரிபாதியாகிவிட்டது. அதனால் காற்று மாற்றம் மணிக்கு 0.5 என்று நினைக்க வேண்டாம். புதுக்காற்று பழசோடு கலந்துகொண்டே வெளியேறுவதால் கணக்கு 2-இன் இயல் மடக்கை (natural log), அதாவது மணிக்குச் சுமார் 0.7 தடவை. மறுநாள் ஜன்னலை நான்கு விரல் திறந்து, கூடத்துக் கதவையும் திறந்துவைத்தால் பத்தே நிமிடத்தில் பாதி! மணிக்கு நான்கு தடவைக்கு மேல்.

ஸ்பிலிட் ஏசி உள்காற்றையேதான் சுற்றவிடுகிறது என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

மீட்டர் வாங்குவோர் அகச்சிவப்பு சென்சார் உள்ளதாகப் பாருங்கள். நான் முதலில் வாங்கிய மலிவு மீட்டர், சமையலறையில் கடுகு தாளித்தாலே எகிறியது. அது வேறு வாயுக்களை வைத்து உத்தேசமாகச் சொல்கிற ரகம்.